முந்நூற்றிருபது மிதி

“பன்னிரண்டு மணி!” என்றார் டொக்டர் பவானந்தன். “அதுக்கு மேல என்னால காத்திருக்க ஏலாது.”

அப்போது காலை ஆறு மணி. போர் துரத்திய ஆஸ்பத்திரி ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஒதுங்கியிருந்தது. கரும்பலகைக்குக் கீழே இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டுக் குகநேசனைக் கிடத்தியிருந்தார்கள். விடியப்புறம் விழுந்த ஷெல்லின் துண்டொன்று அவனுடைய வலது தொடையைக் கிழித்திருந்தது. இடது கால் அவனுக்கு ஏற்கெனவே இல்லை.

“மயக்க மருந்து இருந்தால் ஆறுதலா இருந்து இரத்தக் குழாயைத் தைப்பன். கால் தப்பும். இல்லாட்டி…” டொக்டர் குரலைத் தாழ்த்தினார். “காலைக் கழட்டித்தான் ஆளைக் காப்பாத்த வேணும். அதுவும் முழிப்போட.”

கேட்டுக்கொண்டு நின்ற மூவருக்கும் முழிப்போடு கழட்டுவது என்னவென்று தெரியும். குகநேசனின் சைக்கிள் அணியில் மிஞ்சியிருந்தவர்கள் அந்த மூவர்தான். அன்ரனுக்கு வலது கால் இல்லை. தர்மினிக்கு வலது முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். எல்லோரிலும் இளையவனான சுகிர்தனுக்குக் கால்கள் இரண்டும் உண்டு. இடது கை இல்லை. சண்டை ஓய்ந்தால் தலைநகரில் நடக்கும் சைக்கிள் ஓட்டப் போட்டிக்குப் போவதென்று, பழைய ரியூப் ரப்பரால் காலை மிதியோடு கட்டிக்கொண்டு, இரண்டு வருடம் பயிற்சி எடுத்தவர்கள்.

அன்ரனும் குகநேசனும் செருப்புக்கூடச் சேர்ந்துதான் வாங்குவார்கள். ஒரு சோடி. இடது அன்ரனுக்கு, வலது குகநேசனுக்கு.

குகநேசன் கண்ணைத் திறந்தான். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

“பழைய ஆஸ்பத்திரியை விட்டு ஓடேக்க… மருந்துப் பெட்டி ஒண்டை மண்ணுக்குள்ள தாட்டனான். குளக்கட்டு மதகில இருந்து கிழக்க, வண்டிப் பாதையில… முன்னூற்றி இருவது மிதி. வலப்பக்கம் பாலை மரம். மரத்துக்கும் புத்துக்கும் நடுவில…”

“மயக்க மருந்து இருக்கோ அதில?” டொக்டர் குனிந்தார்.

“இருக்கு.” அதோடு அவன் நினைவு தப்பியது.

மதகை அடுத்த பழைய ஆஸ்பத்திரி எட்டு மைல் தூரத்தில், இரண்டு பக்கத்துக் காவலரண்களுக்கும் நடுவே, சனமில்லாத காட்டுக்குள் கிடந்தது.

“புதையல் கதையில கப்பல் வரும், தீவு வரும்,” என்று முணுமுணுத்தான் சுகிர்தன். “எங்களுக்கு மதகும் புத்தும்!”

“வாயை மூடிக்கொண்டு மண்வெட்டியை எடு!” என்றாள் தர்மினி.

மூன்று சைக்கிள்கள் புறப்பட்டன. மூன்றும் ஒரே அளவு, ஒரே பல்லுச்சக்கரம். தன் சைக்கிளின் சில்லு உடைந்து கிடந்ததால் அன்ரன் குகநேசனின் சைக்கிளில் ஏறினான்.

காட்டுப் பாதையில் வேர்கள் சில்லைத் தூக்கியடித்தன. ஒற்றைக் காலால் மிதித்து, அதே காலால் மிதியை மேலே இழுத்து அன்ரன் போனான். இரண்டு தடவை விழுந்தான். கட்டியிருந்த கால் கழலாததால் சைக்கிளோடு சேர்ந்தே விழுந்தான்! மேலே ‘வண்டு’ இரைந்தது. சனங்கள் அப்படித்தான் அந்த வேவு விமானத்தைச் சொல்வார்கள். அது இரைந்தால் பின்னாலேயே ஷெல் வரும். மூவரும் மரநிழலில் மூச்சடக்கிக் கிடந்தார்கள். அரை மணி நேரம் அங்கேயே போனது.

மதகை அடைந்தபோது எட்டரை.

“எண்ணடா, அன்ரன்!” என்றாள் தர்மினி.

அணியில் தூரத்தை மிதியால்தான் அளப்பார்கள். மிதி ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் ஒரு மிதி. ஒற்றைக் காலுக்கு அதுதானே கணக்கு? குகநேசனே பழக்கிய கணக்கு. அன்ரன் எண்ணிக்கொண்டு போனான். நூறு. இருநூறு. வண்டித் தடம் புல்லில் மறைந்தது. முந்நூறு. சிவப்பு மண்டையோடு வரைந்த பலகை ஒன்று குப்புறக் கிடந்தது. முந்நூற்றிருபது!

வலப்பக்கம் பாலை மரம் நின்றது. புற்றைக் காணவில்லை.

“மழைக்குக் கரைஞ்சிருக்கும்,” என்றான் அன்ரன்.

“பலகையைப் பாத்தனியோ? இது மிதிவெடி நிலம்!” தர்மினி அவன் சட்டையைப் பிடித்தாள்.

“விடு. உங்களிலும் பாக்க எனக்குப் பாதி ஆபத்துத்தான்.”

அன்ரன் சைக்கிள் கம்பி ஒன்றைக் கழற்றி, வயிற்றால் ஊர்ந்து, ஒவ்வொரு விரற்கடையாக மண்ணைக் குத்திப் பார்த்துக்கொண்டு போனான். நேரம் ஒன்பதைத் தாண்டியது. திடீரென்று கம்பி எதிலோ முட்டியது.

“கிடைச்சிட்டுதடி!”

விரலால் மண்ணைத் தள்ளினான். பச்சை நிறத்தில் ஒரு வட்ட விளிம்பு தெரிந்தது.

அது பெட்டியல்ல.

“அசையாத…” தர்மினி கையை நீட்டித் தடுத்தாள். “வந்த தடத்திலேயே பின்னுக்கு வா. மெல்ல. மெல்ல, ராசா…”

திரும்பி வந்து சேர்ந்த அன்ரனுக்கு வியர்வையில் கண் எரிந்தது. மணி பத்தாகப் போகிறது. பெட்டி இல்லை. இனித் திரும்பிப் போய் குகநேசன் முகத்தில் எப்படி முழிப்பது? மூவரும் மதகை நோக்கிச் சைக்கிளைத் திருப்பினார்கள்.

சுகிர்தன் முன்னால் போனான். பயம் வந்தால் எண்ணுவது அவன் வழக்கம்.

“ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுவது…”

“நிப்பாட்டடா!” அன்ரன் கத்தினான். “எண்ணினது போதும். அதையும் பிழையா எண்ணுறாய். இன்னும் முப்பதே வரேல்லை!”

“நான் சரியாத்தான் எண்ணுறன்.”

“ஒரு சுத்துக்கு ஒரு மிதி, விசரா!”

“அது உனக்கு. எனக்கு ரெண்டு கால். வலது ஒண்டு, இடது ஒண்டு. பயத்தில எனக்கு அப்பிடித்தான் வருது!”

தர்மினி பிறேக்கைப் பிடித்தாள். பின்னால் வந்த அன்ரன் அவளில் மோதி நின்றான்.

“அன்ரன்… குகன் கால் இழந்தது எப்ப?”

“இடம்பெயர்ந்து வந்து மூண்டாம் கிழமை.”

“பெட்டியைத் தாட்டது?”

“ஓடேக்க… அதுக்கு முந்தி,” என்றான் அன்ரன். ஒற்றைக் காலோடுதான் அவர்கள் குகநேசனை அறிவார்கள். அவனுக்கும் இரண்டு கால்கள் இருந்த நாள் ஒன்று உண்டென்று ஒருவருக்கும் தோன்றவில்லை!

“ரெண்டு காலால எண்ணியிருக்கிறான். பாதித் தூரம்!” அன்ரன் அலறினான். “சுகிர்தன், விட்ட இடத்தில இருந்து எண்ணடா! உன்ர கணக்கில எண்ணு!”

சுகிர்தன் பறந்தான். “அறுவத்தொண்டு, அறுவத்திரண்டு…” முந்நூற்றிருபதில் பிறேக் கிறீச்சிட்டது. இப்போது இடப்பக்கத்தில் கிழட்டுப் பாலை ஒன்று நின்றது. அதன் அருகே இடுப்பளவு புற்று!

சுகிர்தன் ஒற்றைக் கையால் வெட்டினான். தர்மினி மண்ணை வாரினாள். மூன்றடியில் ‘டங்’ என்றது மண்வெட்டி. மெழுகுதுணி சுற்றிய இரும்புப் பெட்டி! பஞ்சுக்கு நடுவே கண்ணாடிக் குப்பிகள் ஒன்றுகூட உடையாமல் கிடந்தன. தர்மினி முதன்முறையாக அழுதாள். மருந்தை இரண்டு பைகளில் பிரித்துக் கட்டிக்கொண்டார்கள்.

பாதி வழி தாண்டியதும் வண்டு மறுபடியும் இரைந்தது.

“குனியுங்கோ!” தர்மினி கத்தினாள்.

ஷெல் பாதையோரத்தில் வெடித்தது. கண்ணைத் திறந்தபோது அன்ரன் பள்ளத்தில் கிடந்தான். முன்சில்லு எட்டாக வளைந்திருந்தது. மணி பதினொன்றே கால்.

“என்ர காரியரில ஏறு!” என்றாள் தர்மினி.

“என்னையும் சுமந்தால் நீ பன்னிரண்டுக்குப் போகமாட்டாய்.”

“உன்னை இஞ்ச விட்டிட்டுப் போகச் சொல்லுறியோ?”

“அவன்ர காலைக் கொண்டு போகச் சொல்லுறன். போ! கெதியா!”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். சுகிர்தன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். இரண்டு சைக்கிள்களும் வளைவில் மறைந்தன.

அன்ரன் வளைந்த சைக்கிளை ஊன்றிக்கொண்டு எழுந்தான். ஒரு தாவல், ஓர் இழுவை. மூன்று மைல்! வெயில் சுட்டது. செருப்பு எங்கே பறந்ததென்று தெரியவில்லை. வெறுங்காலில் முள் ஏறியது. அவர்கள் நேரத்துக்குப் போனார்களா? குப்பிகள் உடையாமல் போயினவா? எண்ணுவதற்குக்கூட அவனுக்குப் பயமாயிருந்தது.

பள்ளிக்கூட வாசலுக்கு அவன் வந்தபோது பிற்பகல் மூன்று மணி. தர்மினி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். “பன்னிரண்டுக்குப் பத்து நிமிசம் கிடக்கேக்க வந்திட்டம்,” என்றாள். “உழவு ரக்டர் இப்பத்தான் கிடைச்சது. சுகிர்தன் அதில உன்னைத் தேடி வெளிக்கிட நிக்கிறான், நீ வந்து நிக்கிறாய்!”

“கால்?”

அவள் பதில் சொல்லுமுன் அவன் உள்ளே தாவிவிட்டான்.

குகநேசன் இடுப்புவரை வெள்ளைத் துணியால் போர்த்தப்பட்டுக் கிடந்தான். அன்ரனின் கை துணி நுனிவரை போய் நின்றது. தூக்கிப் பார்க்கத் துணிவில்லை.

மயக்கம் தெளியாத குரல் கேட்டது. “முன்னூற்றி இருவதிலதானே இருந்தது?”

“இருந்தது. எத்தினை கால் மிதி எண்டு நாங்கள்தான் கேக்கேல்லை.”

“சொல்ல நானும் மறந்திட்டன்.” குகநேசன் கண்ணைத் தாழ்த்தி அன்ரனின் இரத்தம் கசிந்த பாதத்தைப் பார்த்தான். “செருப்பு எங்கயடா?”

“துலைச்சுப்போட்டன்.”

“உனக்கு ஒரு செருப்பைக் காப்பாத்தத் தெரியாது.” அவன் மெல்லச் சிரித்தான். “நாளைக்குப் புதுசு வாங்கு.”

அன்ரன் துணியைப் பார்த்தான். “ஒண்டோ?”

“விசரா,” என்றான் குகநேசன். துணிக்கு அடியில் ஐந்து விரல்கள் அசைந்தன. “சோடியா வாங்கு.”