தோளில் நாலு தையல்

ஆகஸ்ட் மாதத்தில் உச்சி வேளைக்கு க்ஸார் ஹெல்லால் ஊர்த் தெருவில் ஈ காக்கை இருக்காது. அந்த நேரத்தில் நடமாடுகிறவள் ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லித்தான் எங்கள் ஊரில் பிள்ளைகளை வீட்டுக்குள் தள்ளுவோம். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஷேர் டாக்ஸியை விட்டு இறங்கி, மூன்று மீட்டர் பனியன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, நடுவெயிலில் என் தங்கை எம்னா வீட்டுக்கு நடந்தேன்.

எம்னாவுக்கு ஆறாவது மாதம். நாற்பது வயதில் கல்யாணமாகி நாற்பத்தொன்றில் வயிற்றில் தங்கியது. இதுதான் முதலும் கடைசியும் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவள் புருஷன் லஸாத் ஸ்ஃபாக்ஸ் பக்கம் லாரி ஓட்டுகிறவன், வெள்ளிக்கிழமைதான் வீட்டில் தலை காட்டுவான்.

"ஒரு சட்டையும் ஏற மாட்டேங்குதுக்கா. நாளைக்கு மூணு மணிக்கு டாக்டர்கிட்ட போகணும். இவரு சட்டையை மாட்டிக்கிட்டா போவேன்?"

"போயேன். லாரிக்காரன் பொண்டாட்டி தார்ப்பாயைச் சுத்திக்கிட்டு வந்துட்டான்னு பார்ப்பாங்க."

அவள் சிரிக்கவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அசையறது குறைஞ்சிடுச்சுக்கா. நேத்து ரெண்டே தடவை. இன்னிக்கு ஒண்ணுகூட இல்ல."

வெயிலுக்குக் குழந்தையும் சோம்பிக் கிடக்கும் என்று ஏதோ சொல்லிவைத்தேன்.

வீட்டில் தைக்கிறவர்கள் அளவு நாடாவை அவ்வளவாகத் தேட மாட்டோம். உடம்புக்குச் சுகமான பழைய சட்டை ஒன்றைத் துணிமேல் விரித்து, அதைச் சுற்றி வெட்டிக்கொள்வோம். எம்னா உள்ளே போய் ஒரு நீலச் சட்டையை எடுத்து வந்தாள்.

"இதை வெச்சு வெட்டுக்கா. பெட்டிக்கு அடியில கெடந்துச்சு. வயித்துக்கு அவ்வளவு சுகமா இருக்கு. தோளு மட்டும் கோணல்."

கையில் வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இடது தோள் இரண்டு விரல் இறங்கியிருந்தது. அது ஷத்லியாவின் சட்டை.

ஷத்லியா லஸாத்தின் முதல் மனைவி. தையல் பட்டறையில் நான் துணி வெட்ட, அவள் ஓவர்லாக் மிஷினில் ஓரம் அடிப்பாள். ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம்; அவள் வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். மிஷினில் குனிந்து குனிந்தே அவளுக்கு இடது தோள் இறங்கிப்போனது. ஆறு மாதக் கர்ப்பத்தில் ரத்தம் நிற்காமல் போய்ச் சேர்ந்தாள், குழந்தையும் போனது. அவள் இருந்த இடத்தில் என் தங்கையைக் கொண்டுபோய் வைத்தவளும் நான்தான். போனவர்களின் துணியை நாற்பது நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். லஸாத் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, அவள் அந்தக் கடைசி மாதத்தில் தனக்கென்று தைத்துக்கொண்ட இதை மட்டும் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறான்.

நான் எம்னாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வயிற்றுக்கு விட்டிருந்த வளைவு அத்தனை நேர்த்தி. இருபது வருஷம் கட்டிங் மேசையில் நின்றவளுக்கு நல்ல வெட்டைக் கண்டால் கை சும்மா இருக்காது. சட்டைக்கு என்ன தெரியும், யார் செத்தது யார் இருப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பனியன் துணியைப் பிரித்ததும் வெட்டக் கூடாது. சுருளில் இழுபட்டுக் கிடந்தது ஒரு ராத்திரி படுத்திருந்தால்தான் தன் அளவுக்குத் திரும்பும். பின்கட்டு அறையில், ஷத்லியாவின் ஓவர்லாக் மிஷின் பக்கத்து மேசையில் விரித்துவிட்டு வந்தேன்.

காலையில் பார்த்தால், துணியின் நடுவே நீளமாக ஒரு பள்ளம். யாரோ ஒருக்களித்துப் படுத்து எழுந்தது போல இருந்தது.

பூனையாக இருக்கும் என்று நீவிவிட்டேன்.

அந்த வீட்டில் பூனை கிடையாது.

கோணல் வரக் கூடாது என்று துணியை இரண்டாக மடித்து, நீலச் சட்டையின் வலது பாதியை மட்டும் மேலே வைத்து வெட்டினேன். மடித்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் வரும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மிஷினில் நாலு கோன் நூலும் அவள் விட்டுப்போனபடியே இருந்தன. மிதித்ததும் நேற்று எண்ணெய் விட்டது போல ஓடியது.

எம்னா போட்டுப் பார்த்தாள். இடது தோள் இரண்டு விரல் இறங்கியிருந்தது.

பிரித்தேன். மேசையில் வைத்து அளந்தேன். இரண்டு தோளும் ஒரே அளவு. மறுபடி தைத்துக் கொடுத்தேன். மறுபடி இறங்கியது. கடைசித் தையலில் மிஷின் நூலும் அறுந்தது.

மணி ஒன்று. மூன்று மணிக்கு டாக்டர். குழந்தை இன்னும் அசையவில்லை, எம்னா கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். எனக்கும் பொறுமை போய்விட்டது. கழற்ற வேண்டாம் என்று சொல்லி, கையில் ஊசியை எடுத்தேன்.

எங்கள் ஊரில் உடம்பில் இருக்கும் துணியில் ஊசி போட மாட்டோம். உடம்போடு வைத்துத் தைப்பது செத்தவர்களுக்குச் சுற்றும் கஃபன் துணியைத்தான். அவசரத்துக்குப் போட்டே ஆக வேண்டுமென்றால், உடுத்தியிருப்பவள் ஒரு நூல்துண்டைப் பல்லில் கடித்துக்கொள்வாள். இவள் உயிரோடு இருக்கிறவள் என்று ஊசிக்குத் தெரிய வேண்டுமாம்.

"வாயில நூல் குடுக்கா."

"நாலு தையல்டி. அதுக்குள்ள என்ன ஆயிடப் போவுது? நேரா நில்லு."

முதல் தையல் போட்டேன். வெளியே ஒரு சத்தமில்லை.

இரண்டாவதில் கிராம்பு வாசனை வந்தது. மிஷின் எண்ணெய் வாசனையும் சேர்ந்து வந்தது.

மூன்றாவதில் எம்னாவின் விசும்பல் நின்றது.

நாலாவது தையலை முடித்து நூலை அறுத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். சட்டை ஒரு சுருக்கமில்லாமல் அவள்மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

சட்டை மாறவில்லை. அவள் தோள் இறங்கியிருந்தது.

"எம்னா?"

மெல்ல நடந்து போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். என் தங்கைக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. ஓவர்லாக்கின் அடிக் கொக்கிக்கு நூல் கோக்க எனக்கே ஒரு மாதம் பிடித்தது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையை அடியில் விட்டாள். குனிந்து பார்க்காமலே, நொடியில் கோத்து முடித்தாள்.

"பயப்படாத, கத்திரி."

பட்டறையில் ஒருத்திதான் என்னை அப்படிக் கூப்பிடுவாள்.

கத்தரிக்கோலை எடுத்து அவள் தோளில் வைத்தேன்.

"அவளை விட்டுடு, ஷத்லியா. உனக்குப் புண்ணியமாப் போவும். விட்டுடு."

"வெட்டுறதுன்னா வெட்டு. அதுக்கு முன்னாடி இதைப் பாரு."

என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். அவள் கை குளிர்ந்திருந்தது. வயிறு சூடாக இருந்தது. உள்ளே ஓர் உதை. இன்னொன்று. ஒரு நாளுக்கு மேல் அசையாமல் கிடந்த குழந்தை புரண்டு புரண்டு விளையாடியது.

"இது போகப் பார்த்துச்சு. நான்தான் புடிச்சு வெச்சிருக்கேன். நான் போனா என்கூட வந்துடும்."

"உனக்கு என்னதான் வேணும்?"

"ஆறு மாசம் வரைக்கும் எனக்குத் தெரியும், கத்திரி. அதுக்கு மேல எப்படி இருக்கும்னு பார்க்காமலே போயிட்டேன். பார்த்துட்டுப் போறேன்."

ஒரு கையில் கத்தரிக்கோல். மறு கைக்கு அடியில் குழந்தை. எம்னாவைக் கேட்க முடிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

மூன்று மணிக்கு டாக்டர் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, குழந்தை நன்றாக இருக்கிறது, வீணாகப் பயந்திருக்கிறீர்கள் என்றார். வெள்ளிக்கிழமை வந்த லஸாத் வாசலிலேயே நின்றுவிட்டான். அவள் ஷத்லியாவைப் போலவே ரொட்டி பிய்த்து வைப்பதையும், இறங்கிய தோளையும் பார்த்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"ஹெதியா, இது யாரு?"

"உன் பொண்டாட்டி," என்றேன். அவன் அதற்குமேல் கேட்கவில்லை.

மூன்று மாதம் அந்தச் சட்டை அவள் உடம்பை விட்டு இறங்கவில்லை. உடம்பிலேயே நனைந்து உடம்பிலேயே காய்ந்தது. நானும் அந்த வீட்டை விட்டு நகரவில்லை. பகலெல்லாம் மிஷினில் உட்கார்ந்து, உள்ளங்கை அகலத்தில் சின்னச் சின்னச் சட்டைகள் தைத்தாள். ஒவ்வொரு மாதமும் வயிற்றைத் தடவி, "இப்படியா இருக்கும்?" என்று ஆச்சரியப்பட்டாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. அதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

நவம்பரில் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வீறிட்டு அழுதது. கண்மூடி அந்த அழுகையைக் கடைசிவரை கேட்டாள். பிறகு தானாகவே இடது தோளை என் பக்கம் திருப்பிக் கொடுத்தாள்.

நாலு தையலையும் வெட்டினேன். தோள் மேலே ஏறியது.

எம்னா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, மணி மூணாயிடுச்சா? டாக்டர்கிட்ட போகணுமே."

கை வயிற்றுக்குப் போனது. தட்டையாக இருந்த இடத்தைத் தடவித் தடவித் தேடினாள்.

"என் வயிறு எங்கக்கா?"

இரண்டு சட்டைகளையும் ரொட்டி சுடும் அடுப்பில் போட்டு, சாம்பலாகும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் எம்னாவுக்குக் குழந்தை ஒட்டவில்லை. யார் வீட்டுப் பிள்ளையோ என்பது போலப் பார்த்தாள். மார்பில் ஒரு சொட்டுப் பால் இறங்கவில்லை. கொஞ்ச நாளாகும் என்றாள் நர்ஸ். டப்பாப் பாலை வைத்துச் சமாளித்தேன்.

பத்தாம் நாள், உச்சி வேளை. குழந்தை பசியில் அழ ஆரம்பித்தது. காலையில் வாங்கிய புது டப்பாவை எடுக்க அடுக்களைக்குப் போனேன். அதன் தகட்டைக் கிழிப்பதற்குள் அழுகை நின்றது.

ஓடி வந்தேன். எம்னா முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் படுத்திருந்தாள், நல்ல தூக்கம்.

தொட்டிலில் குழந்தை ஒரு பக்கமாக முகத்தைத் திருப்பி, எதிரே இல்லாத எதையோ சின்னக் கையால் பற்றிக்கொண்டு, கண் சொருகிக் கிடந்தது. கன்னம் ஏறி இறங்கியது. 'மடக் மடக்' என்று விழுங்கும் சத்தம்.

உதட்டோரத்தில் பால் வழிந்திருந்தது.

விரலால் துடைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.