தோல் போர்த்திய குட்டி

பிராக் எத்தனை தடவை கூப்பிட்டும் கொட்டகைக்குள் வரவில்லை. ஆடுகள் குட்டி போடும் பருவத்தில் இந்த நாயை வெளியே துரத்துவதுதான் பெரும்பாடு. இன்று பனிமூட்டத்தைப் பார்த்து வாசலிலேயே நிற்கிறது, சனியன்.

டில்டா வைக்கோலில் மண்டியிட்டிருந்தாள். காலையில் செத்துப் பிறந்த குட்டியின் தோலை உரித்து, தாயில்லாத வேறொரு குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டி, வயிற்றடியில் கயிற்றால் முடிந்திருந்தாள். ஈரத் தோலின் இரத்த வாடையும், கம்பளியின் எண்ணெய்ப் பிசுக்கும், மூத்திரம் ஊறிய வைக்கோலின் நெடியும் மூக்கை அடைத்தன. குட்டியைப் பறிகொடுத்த செம்மறி அதை மோந்தது, மறுபடி மோந்தது, தன் குட்டியின் வாடைதான் என்று நம்பி அடித்தொண்டையில் கனைத்துக்கொண்டே நக்க ஆரம்பித்தது.

"ஏமாந்துட்டியா? சரியான மக்கு நீ!" என்று சிரித்தாள்.

"அம்மா."

பின்னால் ஹெட்டி. ஐந்து வயது மகள். மதியம் அப்பாவோடு டிராக்டரில் மேல்வயலுக்குப் போனவள், தனியாக நிற்கிறாள்.

"அப்பா எங்கடி? இந்த மூட்டத்துல தனியாவா வந்தே? வரட்டும் அந்த மனுஷன், இருக்கு அவருக்கு!"

குழந்தை மடியில் ஏறியது. இந்த மூட்டத்தில் வழி தப்பியிருந்தால்? டில்டா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு உச்சி மோந்தாள். அதே சோப்பு. அதே வியர்வை. தன் பிள்ளைதான். போன உயிர் திரும்பி வந்தது.

பிராக் உறுமியது.

"ஏய், நம்ம ஹெட்டிடா!"

குழந்தையின் தலை அவள் மார்பை முட்டியது. மறுபடி முட்டியது. பால் தேடுகிற முட்டல். ஹெட்டி தாய்ப்பால் மறந்து நான்கு வருஷமாகிறது.

"என்னடி பண்றே?"

பிடரியைத் தடவினாள். தோல் தொளதொளவென்று இருந்தது. விரலோடு நகர்ந்தது.

"அம்மா..."

மடியிலிருந்து வரவில்லை அந்தக் குரல். வெளியிலிருந்து.

"குளிருதும்மா."

மூட்டத்துக்குள் சிவப்பாக ஏதோ அசைந்தது. சின்ன உருவம். தள்ளாடி வந்தது. உடம்பெங்கும் தோலில்லாத பச்சை ரணம். பிராக் முனகிக்கொண்டே அதன் பக்கம் ஓடியது. வாசலில் நின்று அந்த உருவம் இரண்டு கைகளையும் நீட்டியது.

"தூக்கிக்கோம்மா."

குரல் ஹெட்டியுடையது. அது டில்டாவுக்குத் தெரிந்தது. ஆனால் காற்றில் வந்த வாடை இரத்த வாடை மட்டும்தான். பிள்ளை வாடை மடியில் இருந்தது.

"கிட்ட வராதே!" என்று கத்தினாள், மடியில் இருந்ததை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு.