அக்கா சொல்லாத பதில்

கண்ணாடிச் சுவரின் உட்புறத்தில் ஆவி படிந்திருந்தது. யாரோ வாயை ஒட்டிவைத்து மூச்சு விட்ட மாதிரி ஒரு வட்டம், நடிகனின் தலைக்கும் மேலே ஒரு முழ உயரத்தில். சட்டைக் கையால் துடைத்துவிட்டு, ஏசி கோளாறு என்று நினைத்துக்கொண்டான். தன் கலையைத் தவிர வேறெதையும் அதற்கு மேல் யோசிக்கிற வழக்கம் அவனுக்கு இல்லை.

கண்காட்சிக் கூடத்தின் நடுவிலிருந்த அந்தக் கண்ணாடி அறைக்குள், ஒரு வாரமாக அவன் நடித்துக்காட்டியது தன் அக்காவின் நோயை. ‘மனநோயோடு வாழ்தல்’ என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தார்கள். அக்காவுக்குக் காதில் ‘இருக்கியா?’ என்று ஒரு குரல் கேட்கும். மாத்திரை போட்டுக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு, அந்தக் குரலுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் அவள் காலம் தள்ளினாள். அது கூப்பிட்டால் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுவாள். அவ்வளவுதான் அவள் வீரம். அதில் கைதட்டல் வாங்க முடியுமா? எனவே அவள் தலை சாய்ப்பதையும் விரல் நெரிப்பதையும் களவாடிய தம்பி, தன் சரக்காக அந்தக் குரலுக்கு ஒரு பதிலையும் சேர்த்தான். “இருக்கேன். உள்ள வா” என்று மைக்கில் அவன் உருகும்போது, பார்வையாளர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். அவன் பிழைப்பே அந்தக் குழைவான குரல்தான்.

கடைசிக் காட்சிக்கு முன் அக்கா வந்து அவனை ஓரமாக இழுத்தாள்.

“நான் எப்படா அதுக்குப் பதில் சொன்னேன்?”

“சும்மா உக்காந்திருந்தா யாருக்கா பாப்பாங்க?”

“நீ ஆரம்பிச்சதுலேர்ந்து எனக்கு அந்தக் குரலே கேக்கலைடா. பயமா இருக்கு.”

“நல்லதுதானே? கலையோட சக்தி அது!”

அக்கா அவனைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

அவன் உள்ளே போனதும் ஏற்பாட்டாளர் அம்மாள் கதவை வெளியிலிருந்து பூட்டினார். “நான் கதறினாலும் திறக்காதீங்க மேடம். அதுதான் உச்சம்” என்றான் அவன்.

“உங்க வலியை நாங்க கெடுப்போமா சார்!”

விளக்குகள் மங்கின. பூட்டிவைத்த அலமாரிக்குள் ஈரத்துணி மக்கிப்போன மாதிரி ஒரு வாடை மெல்லக் கிளம்பி, அவன் பூசியிருந்த விலையுயர்ந்த வாசனையையும் மீறி மூக்கில் ஏற, வெளியே இருமல்களும் நாற்காலிகளின் கிறீச்சலும் ஒவ்வொன்றாக அடங்கியபோது, அவனுக்குப் பின்னால் தரை விரிப்பின் மேல் எதுவோ நிதானமாக, அவசரமே இல்லாமல், எடை மாற்றி நின்றது. அவன் திரும்பவில்லை. திரும்பினால் காட்சி கெட்டுவிடும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டான். உண்மையில் கழுத்து திரும்ப மறுத்தது.

அவன் வசனம் வர வேண்டிய இடம் வந்தது. குரல் கேட்பதாகப் பாவித்து ஒரு வாரமாக வெறுமையாக விட்டிருந்த அந்த நொடியில், இன்று காதோரம் கேட்டது.

“இருக்கியா?”

குளிர்ந்த மூச்சு. மிக அருகில்.

அவன் பாய்ந்து கதவை அறைந்தான். “திறங்க! உள்ள ஏதோ இருக்கு! மேடம், நடிப்பில்ல, சத்தியமா நடிப்பில்ல!”

ஏற்பாட்டாளர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னும் நன்றாகப் பார்த்தார். பாதிப் பேர் போனில் படம் பிடித்தார்கள். விழிப்புணர்வு பெற வந்தவர்கள் அல்லவா, வயிறு நிறையப் பெற்றுக்கொண்டிருந்தார்கள்.

“இருக்கியா?”

கூட்டத்தை இடித்துக்கொண்டு அக்கா முன்னால் வந்தாள். உதட்டில் விரல் வைத்தாள். தலையை ஆட்டினாள். பேசாதே.

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். பல்லைக் கடித்தான். அசையவில்லை. மூச்சும் விடவில்லை.

ஒலிபெருக்கியில் அவன் குரல் கேட்டது.

“இருக்கேன்.”

அவன் வாய் மூடியே இருந்தது. குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவன் கைகளை எடுத்துவிட்டு, முடிந்த மட்டும் வாயைப் பிளந்து அலறினான். சத்தமே வரவில்லை. அக்கா மட்டும் வெறும் கையால் கண்ணாடியைக் குத்திக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பின்னால், அவனுடைய அந்தக் குழைவான குரல், வந்திருந்த ஒவ்வொருவருக்கும் மிகப் பணிவாக நன்றி சொல்லிக்கொண்டிருந்தது.