முழங்கால் ஆழம்

எப்சிபா ஊன்றிய கழி முழங்கால் ஆழத்தில் பாறையைத் தட்டி நின்ற அதே இடத்தில்தான், மறுநிமிடம் அய்யாத்துரையின் கால் தொடைவரை இறங்கியது.

“சேறுதான் மேடம்,” என்று சிரித்தார். அந்தக் காட்டைக் காவல் காத்தே தலை நரைத்தவர்.

புளியறைக்கு மேற்கே மலை மடிப்புக்குள் கிடக்கும் அந்தச் சதுப்புக் காட்டைத்தான் அவள் ஆய்வுக்கு எடுத்திருந்தாள். விதை போட்டுத் தானே வளர்த்த காட்டு ஜாதிக்காய்க் கன்றுகளை நட அன்று மதியம் இருவரும் வந்திருந்தார்கள். வெயிலை முழுக்க அடைத்து நிற்கும் இலைகளும், அழுகிய சருகின் புளித்த வாடையும், நீருக்கு வெளியே வளைந்து நிற்கும் வேர்களின் நிழலும் அவளுக்குப் பழகியவை. அவர் கால் இறங்கிய இடத்தில் கேட்ட சத்தம் பழகியதல்ல. நீருக்குக் கீழே யாரோ கஞ்சியை உறிஞ்சிக் குடிப்பதுபோல.

“கையைக் குடுங்க அண்ணாச்சி.”

இழுத்தாள். அவர் இடுப்புவரை இறங்கினார்.

அவருக்குப் பக்கத்திலேயே அவள் முழங்கால் நீரில்தான் நின்றிருந்தாள். கழியால் அவரைச் சுற்றிக் குத்திப் பார்த்தாள். பாறை. அந்தப் பக்கமும் பாறை. செல்போனில் சிக்னல் இல்லை. கத்தினாள், குரல் மரங்களைத் தாண்டவில்லை. கன்றுகளைக் கட்டிவந்த கயிற்றை அவர் அக்குளில் சுற்றி, உள்ளங்கை கிழியும்வரை இழுத்தாள். கயிறுதான் அறுந்தது.

அய்யாத்துரையின் முகத்தில் இப்போது சிரிப்பில்லை.

“கீழ ஆளு இருக்கு மேடம்.”

“என்ன சொல்லுதீய?”

“காலைத் தடவிப் பாக்குது.”

நெஞ்சு. கழுத்து. அவள் இரண்டு கையாலும் அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னைய விட்டுருங்க. ஓடிருங்க. வீட்டுல போயி...”

வாய்க்குள் தண்ணீர் புகுந்தது. கண்கள் அவளையே பார்த்தபடி இறங்கின.

கை மட்டும் மிஞ்சியது.

கலங்கல் மெல்லத் தெளிந்தது. அடியில் பாறை. மேலே கொஞ்சம் சருகு. பள்ளமில்லை. வெடிப்பில்லை. ஆளில்லை. பாறையில் முளைத்ததுபோல நின்றது அவர் கை.

எப்சிபா அழுதுகொண்டே தன் விரல்களைத் திறந்தாள்.

அந்தக் கை விடவில்லை.

இன்னும் சூடாக இருந்த கட்டைவிரல், அவள் மணிக்கட்டில் மெதுவாக ஏறி, நாடியைத் தேடி, அழுத்தியது.