மூடியில் ஒட்டிய மஞ்சள்

"ஐயோ, அதைத் தொடாதீங்க!"

ரஜிதா கத்திய கத்தலில் அவன் கையிலிருந்த குப்பி நழுவியது... நல்லவேளை, மறு கையால் பிடித்துவிட்டான்.

ஈப்போவில் அன்று விடிந்ததிலிருந்தே மழை. ஆய்வுக்கூடத்தின் குளிர்பெட்டி நின்றுபோயிருந்தது. பழுதுபார்க்க வந்தவன், அலுமினியத் தகடு சுற்றிய இருபது குப்பிகளையும் வெளியே எடுத்து மேசைமேல் அடுக்கி வைத்திருந்தான்.

அவள் ஓடிப்போய் ஒரு கறுப்புத் துணியைப் போட்டு அவற்றை மூடினாள். "வெளிச்சம் பட்டா செத்துடும்!"

"உள்ள உயிரா இருக்கு மிஸ்?"

"மஞ்சளோட சத்து. நம்ம உடம்பைக் காக்கிற சத்துதான்... ஆனா வெளிச்சம், சூடு பட்டா அதுவே கெட்டுப்போயிடும். அதான் பட்டாணிப் புரதத்துக்குள்ள வெச்சு மூடுறோம். கண்ணுக்கே தெரியாத நானோ துகள்."

அவன் யோசித்தான். "பட்டாணி, மஞ்சள்... அப்ப இது குருமா லா!"

சிரித்துவிட்டாள். சிரித்தபடி நிமிர்ந்தபோதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். உதடு சிரித்தது... கண்கள் சிரிக்கவில்லை. வெகுகாலம் தூங்காதவனின் கண்கள்.

பெயர் பவித்ரன். சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்தை விற்று வீடுகளை இடித்த பிறகு, ஈப்போ அடுக்குமாடிக்குக் குடிவந்தவன்.

அடுத்த மூன்று வெள்ளிக்கிழமைகளும் 'குளிர் சரியா இருக்கான்னு பாக்க' வந்தான். பெட்டிக்கு ஒன்றுமில்லை என்று இருவருக்குமே தெரியும்...

அவளுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. தொண்ணூறாம் நாள் குப்பிகளில் பாதிச் சத்தாவது மிஞ்சியிருந்தால் வேலை நீடிக்கும். இல்லையென்றால் மெல்பர்ன் மாப்பிள்ளை. ஓய்வுபெற்ற அரசு அதிகாரியான அப்பா தியாகராஜா, தை மாதத்தில் நாள்கூடப் பார்த்துவிட்டார்.

அறுபதாம் நாள் கணக்கு நாற்பத்தெட்டு விழுக்காடு. தொண்ணூறாம் நாள்... எழுபத்தொன்று!

குறையத்தான் முடியும். கூட முடியாது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், ஆய்வுக்கூடத் தலைவி டாக்டர் கலாதேவி தோளைத் தட்டிப் பாராட்டியபோது சிரித்துக்கொண்டு நின்றாள்.

நான்காம் வெள்ளியன்று அவன் வந்ததும் முதல் வேலையாக அவனிடம் சொன்னாள். "எழுபத்தொன்னு, பவித்ரன்!"

அவன் முகம் மலர்ந்தது. "பலிச்சிருச்சு பாத்தீங்களா! எல்லாம் நான் வெச்ச பொட்டு!"

"என்ன பொட்டு...?"

"நான் வந்த மொத நாளு சரஸ்வதி பூஜை இல்ல? என் டூல்ஸுக்கு மஞ்சள் வெச்சேன், பெட்டிக்கு வெச்சேன். உங்க குப்பிங்க பாவம்னு தகட்டைப் பிரிச்சு, மூடிக்கு மூடி ஆளுக்கொன்னு..."

மஞ்சளை அளக்கிற குப்பியில் மஞ்சள். அவள் திறந்தபோது உள்ளே உதிர்ந்திருக்கிறது. மூடியில் கறையைப் பார்த்த ஞாபகம்கூட இருந்தது. நாளெல்லாம் மஞ்சளோடு புழங்கும் அறையில், ஒரு மஞ்சள் கறையை யார் சந்தேகப்படுவார்கள்?

"மண்டை சரியில்லையா உங்களுக்கு? தஞ்சோங் ரம்புத்தான்ல இருக்க வேண்டிய ஆளு நீங்க!"

மனநல மருத்துவமனை இருக்கும் ஊர்; பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லிக் கேலி செய்யும் வார்த்தைதான். ஆனால் பவித்ரனின் முகம் வெளுத்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

"எங்கண்ணே அங்கதான் இருக்காரு மிஸ். ஒம்பது வருஷமா."

மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவன் நிச்சயம் சொல்லமாட்டான்... இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. திங்களன்று கலாதேவியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மறுபடி செய்ய இன்னும் தொண்ணூறு நாள் வேண்டும். ஒப்பந்தத்தில் மிச்சமிருந்ததோ ஒன்பது நாள். "உண்மையைச் சொன்னீங்க, நன்றி," என்றார் கலாதேவி. அதற்கு மேல் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நோயாளிகளைப் பார்க்க உறவினர் வரும் ஞாயிற்றுக்கிழமை, தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனைக்கு எதிரே, பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தாள். மூன்று மணிக்குக் காலித் தூக்குச்சட்டியோடு அவன் வந்தான்.

"மிஸ்... நீங்க எங்க இங்க?"

"நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்பு கேக்க வந்தேன்."

"பரவால்ல லா. எல்லாரும் சொல்றதுதான்."

"எல்லாரும் சொல்லலாம். நான் சொல்லியிருக்கக் கூடாது."

தகரக் கூரையில் மழை அறைந்தது.

"வேலை...?" என்றான்.

"போச்சு. உண்மையைச் சொல்லிட்டேன்."

"என்னாலதானே..."

"இல்ல. அந்தக் கணக்கு தப்புன்னு பாத்ததுமே தெரியும். தெரிஞ்சும் நம்ப ஆசைப்பட்டேன்... மெல்பர்ன் போகவேண்டாமேன்னு."

"ஏன், நல்ல ஊருதானே?"

"அங்க நீங்க வெள்ளிக்கிழமை வரமாட்டீங்களே..."

அவன் தூக்குச்சட்டியின் பிடியை இறுக்கிக்கொண்டான்.

"மெல்பர்ன் மாப்பிள்ளை வேண்டாம்னு அப்பாகிட்ட காலைல சொல்லிட்டேன். சாப்பிடாம சுவரைப் பாத்து உக்காந்திருக்காரு."

"எங்கண்ணே இன்னிக்கு என்னைப் பாத்து, நீ யாருன்னு கேட்டாரு," என்றான் மெல்ல. சிரிக்கத் தெரியாத அந்தக் கண்கள் நிறைந்தன. "ஊட்டிவிட்டுட்டு வந்துட்டேன்."

அவள் அவன் பக்கத்தில் நகர்ந்து நின்றாள்.

"அடுத்த வாரம் நானும் வாரேன்."

"உங்களையும் யாருன்னு கேப்பாரு மிஸ். நான் என்ன சொல்லுவேன்?"

"உங்க தம்பியக் கட்டிக்கப் போற பொண்ணுன்னு சொல்லுங்க."

பேருந்து ஒன்று வந்து நின்றது. யாரும் ஏறவில்லை. புறப்பட்டுப் போனது.

"அதுக்கடுத்த வாரம் மறந்துடுவாரு... ரஜிதா."

"அப்ப, திரும்பச் சொல்லுவோம்."