கல்வீட்டுக் கதவு

கோபான் நகரத்திலிருந்து வந்த பிக்கப் வண்டி, அங்கே வேலை பார்க்கும் எர்மெலிந்தாவைச் சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து முனையில் இறக்கிவிட்டபோது மழை விட்டிருந்தது. பேருக்குத்தான் விட்டிருந்தது, மரங்கள் எல்லாம் சொட்டிக்கொண்டேதான் இருந்தன. வழி நெடுக மடியில் அணைத்துக்கொண்டு வந்த பிளாஸ்டிக் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நனையவில்லை.

அந்தப் பைக்குள் இருந்தது அவளுடைய இரண்டு வருட உழைப்பு. ஊருக்கு மேலே மலையில் இருக்கும் குகையை அடுத்த இருபது வருடம் எப்படிக் காப்பது என்ற திட்டம். எத்தனை பேரை உள்ளே விடலாம், சுவரில் முன்னோர்கள் கரியால் வரைந்துவிட்டுப் போன உருவங்களை எவ்வளவு தள்ளி நின்று பார்க்க வேண்டும், வௌவால் குட்டி போடும் மாதங்களில் என்ன செய்வது என்று ஒன்றுவிடாமல் எழுதியிருந்தாள். நாளைக் காலையில் ஊர்க் கமிட்டியும் தலைநகரத்து அதிகாரிகளும் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. குகைக்குக் காவல் கிடைத்துவிடும். அவள் தம்பி அபெலினோவுக்கு நிரந்தர வேலை கிடைத்துவிடும்.

உண்மையைச் சொல்வதானால் அவளுக்குக் குகையைவிட அந்த வேலைதான் பெரிது. வீட்டின் மூத்தவன் ரிகோபெர்தோ எல்லை தாண்டி வடக்கே போனவன்தான். போன் வருவது நின்று எத்தனையோ மழைக்காலம் ஆகிவிட்டது. சின்னவனும் மூட்டை கட்டிய நேரத்தில்தான் அவனைப் பிடித்துக் குகைக் காவலில் உட்கார வைத்தாள். இவனையாவது ஊரில் கட்டிப் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கினாள், பாவம்.

வீட்டு வாசலில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது அபெலினோதானா? சட்டை அவனுடையது. தலையைச் சாய்த்துப் பார்க்கிற பார்வையும் அவனுடையது. மற்றதெல்லாம் எலும்பு.

"என்னடா இது? துடைப்பக்குச்சிக்குச் சட்டை மாட்டின மாதிரி இருக்க?"

"வாக்கா, வா. உனக்காகக் காத்திருக்க முடியல. பசி." அவன் சோள ரொட்டியைக் கறுப்பு பீன்ஸில் தோய்த்து முழுதாக வாயில் போட்டான். போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தான்.

"காலையில உக்காந்த மனுஷன் அண்ணி, இன்னும் எந்திரிக்கல," என்றாள் அவன் மனைவி இலாரியா. "நான் ரொட்டி தட்டித் தட்டி என் கைரேகையே அழிஞ்சு போச்சு. நாளைக்கு நீங்க கையெழுத்துக்குப் பதிலா கைநாட்டு கேட்டாக்கூட என்கிட்ட இல்ல."

அபெலினோ சிரித்தான். வாய் நிறைய ரொட்டியோடு சிரித்தான். எர்மெலிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கழுத்துக் கயிற்றில் தொங்கிய குகைச் சாவி அவன் விழுங்கும் ஒவ்வொரு வாய்க்கும் லேசாகத் துள்ளியது.

தண்ணீர் மொள்ளும் சாக்கில் இலாரியா அவளைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள். கேலி பேசிய முகம் அங்கே உடைந்துவிட்டது.

"டாக்டர்கிட்ட காட்டியாச்சு. பூச்சி மாத்திரை குடுத்தாரு. ரத்தத்த எடுத்துப் பாத்தாங்க, ஒண்ணும் இல்லங்கிறாங்க. எங்க அண்ணி போகுது அவ்வளவு சாப்பாடும்?"

"கொஞ்ச நாள் வேலைய விட்டுட்டு வீட்ல இருக்கச் சொல்லேன்."

"சொல்லாம இருப்பேனா? போன வாரம் பூரா வீட்லதான் கெடந்தாரு. சாவியக் கூட கமிட்டிக்காரங்ககிட்ட குடுத்துட்டாரு, நேத்துதான் திரும்ப வாங்கினாரு. வீட்ல இருந்தப்பதான் இன்னும் வேகமா எளச்சாரு." இலாரியா குரலைத் தாழ்த்தினாள். "தூக்கத்துலயும் வாய மெல்லுறாரு அண்ணி. பக்கத்துல படுக்க எனக்குப் பயமா இருக்கு."



மதியத்திலேயே இருட்டிக்கொண்டு வந்தது. நாளை அதிகாரிகள் வருவதற்குள் குகையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அவள் கிளம்ப, அபெலினோவும் மடியில் ரொட்டியைக் கட்டிக்கொண்டு கூடவே வந்தான். ஏலக்காய்த் தோட்டத்தைத் தாண்டும்வரை பேசிக்கொண்டே வந்தான். அப்புறம் மூச்சு வாங்கியதால் பேச்சு நின்றுவிட்டது.

"வௌவால் எல்லாம் எப்படிடா இருக்கு?"

"வெளிய வர்றதே இல்லக்கா."

"ஏன்?"

"நீயே வந்து பாரு."

குகை வாயில் கதவு நின்றது. கறுப்புச் சாயம் பூசிய இரும்புக் கதவு. கம்பிகள் படுக்கை வாட்டில் இருக்கும், வௌவால்கள் தாராளமாக நுழைந்து வர இடைவெளி விட்டு. அந்த இடைவெளியைக் கோபான் பட்டறையில் நின்று தன் கையாலேயே அளந்து கொடுத்தவள் எர்மெலிந்தா. அவளுடைய முழங்கை வரைக்கும் உள்ளே போகும்.

இப்போது அவள் கையை நீட்டினாள். விரல்கள் போயின. உள்ளங்கை போகவில்லை.

கம்பிகள் பருத்திருந்தன.

துருவாக இருக்குமோ என்று நகத்தால் சுரண்டினாள். துருவே இல்லை. இரும்பு வழவழவென்று எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல இருந்தது. குளிர்ந்து கிடக்க வேண்டிய இரும்பு, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. பூட்டுத் துவாரத்தின் ஓரத்தில் ஈரம் கசிந்து நூலாக இறங்கியது.

இருட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. தண்ணீர் ஓடும் சத்தம் அவளுக்குத் தெரியும். காற்றும் தெரியும். இது நீளமாக, அடியிலிருந்து உருண்டு எழுந்து, மெல்ல அடங்கியது.

வெறும் வயிறு இரைகிற சத்தம்.

"இது தினமும் கேக்குதா?" அவள் கிசுகிசுத்தாள்.

"நான் சாப்பிடுறப்ப நின்னுடும்," என்று அபெலினோ மடியிலிருந்து ரொட்டியை எடுத்தான்.

அவன் மென்றான். சத்தம் நின்றது.

 தம்பியின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மலையிறங்கினாள். இறங்கும்போதே ஞாபகம் வந்துவிட்டது. வந்தபோது அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

இந்த ஊரில் எதைப் புதிதாகக் கட்டினாலும் முதலில் அதற்குச் சாப்பாடு போடுவார்கள். வீடோ, மாவு மில்லோ, பாலமோ, எதுவானாலும் சேவல் ரத்தத்தை நாலு மூலையிலும் தடவி, குழம்பும் கொக்கோவும் படைத்து, சாம்பிராணி போட்டுப் பசியாற்றிவிட்டுத்தான் புழங்குவார்கள். போடாமல் விட்டால் அது சும்மா இருக்காது; குடியிருப்பவரில் ஒருவரைச் சாப்பிடும். குகைக்கு இங்கே கல்வீடு என்றுதான் பெயர். கல்வீட்டுக்குக் கதவு வைக்கும்போதும் படையல் போட்டார்கள்தான். ஆனால் அன்றைக்குக் கதவே வந்து சேரவில்லை. வழியில் மண் சரிந்து லாரி நின்றுவிட்டது. அதிகாரிகளோ காமிராவோடு வந்து காத்திருந்தார்கள்.

படையலை இன்றே முடித்துவிடலாம், கதவு அப்புறம் வரட்டும் என்று சொன்னது எர்மெலிந்தாதான்.

படையலுக்குப் பொறுப்பான ஊர்ப் பெரியவர் தோன் கிறிசாந்தோ கொட்டகையில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கூடையைத் தள்ளி வைத்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அன்னைக்கே எனக்கு மனசு உறுத்துச்சு தாயி. ஆனா ஆபீசர் மணியப் பாத்துக்கிட்டே இருந்தாரு. போட்டோ வேற எடுத்தாங்க. நானும் நல்லா சிரிச்சுக்கிட்டு நின்னுட்டேன்."

"கதவு வந்தப்புறம் ஏன் பெரியப்பா போடல?"

"நீ போடுவேன்னு நான் நெனச்சேன். நான் போடுவேன்னு நீ நெனச்ச." அவர் எழுந்து தொப்பியைத் தேடினார். "மலைக்கு வயிறு நெறஞ்சுது. கதவு பட்டினி. அத மொத மொதல்ல இழுத்துச் சாத்துனது யாரு?"

"அபெலினோ."

தோன் கிறிசாந்தோ தொப்பியை மாட்டிக்கொண்டு சேவலைப் பிடிக்கப் போனார்.

அன்று சாயங்காலத்துக்குள் மறுபடி மலையேறினார்கள். இலாரியா மிளகாய்ச் சிவப்பில் வான்கோழிக் குழம்பைச் சட்டியோடு சுமந்து வந்தாள். கதவுக்குப் பக்கத்தில் நெருப்பே கூடாது என்று திட்டத்தில் கொட்டை எழுத்தில் எழுதியவள் எர்மெலிந்தாதான். அவளே மெழுகுவத்திகளை ஏற்றினாள். கையெழுத்து, அதிகாரி, புகை பட்டால் மங்கும் ஓவியம், எல்லாம் எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்றிருந்தது.

தோன் கிறிசாந்தோ நாலு மூலையிலும் ரத்தத்தைத் தடவினார்.

ரத்தம் இரும்பில் ஒட்டவில்லை.

இன்னொரு முறை தடவினார். தடவத் தடவ அது காய்ந்து பொடியாகிக் காலடியில் உதிர்ந்தது. குழம்பின் ஆவி கதவருகே போய், சுவரில் மோதியதுபோலத் திரும்பி வந்தது. மெழுகுவத்திகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. காற்றே இல்லை.

"ருசி கண்டுடுச்சு," என்றார் அவர்.  "இனி சேவல் எதுக்கு அதுக்கு?"

அபெலினோ ஒரு கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ரொட்டி தீர்ந்துவிட்டது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தான். கண்கள் உள்ளே போய்விட்டன. இலாரியா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள்.

உள்ளே வயிறு இரைந்தது. இந்த முறை மிகப் பக்கத்தில்.

எர்மெலிந்தா எழுந்தாள். தம்பியின் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கதவுக்கு முகத்தைக் கொடுத்து, பூட்டுத் துவாரத்துக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள். மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்தாள்.

"அவன் உன்னை இழுத்துச் சாத்தின கை மட்டும்தான். உன்னைப் பட்டினி போட்டது நான்."



பிறகு, பூட்டியிருந்த கதவு உள்பக்கமாக ஒரு விரல் அகலம் நகர்ந்து, திரும்ப வந்து மெதுவாகச் சாத்திக்கொண்டது.

"பசி போயிடுச்சு," என்றான் அபெலினோ, ஆச்சரியப்பட்டவனாக. இலாரியா நீட்டிய குழம்பில் இரண்டு வாய்தான் குடித்தான். போதும் என்றான். அவள் அவனை அடித்தாள், கட்டிக்கொண்டாள், திரும்பவும் அடித்தாள். தோன் கிறிசாந்தோ முழங்காலில் விழுந்து மலைக்கு நன்றி சொன்னார். ஏதோ மனது மாறிக் கதவு படையலை ஏற்றுக்கொண்டுவிட்டது என்றே மூவரும் நம்பினார்கள்.

எர்மெலிந்தா ராத்திரி இலாரியா வைத்த தட்டை முழுக்கச் சாப்பிட்டாள். மலை ஏறி இறங்கிய களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள், கையெழுத்து ஆனது. சாவிக்குப் பொறுப்பாளர் என்ற இடத்தில் தம்பியின் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். அபெலினோ காவலுக்கு மட்டும் இருப்பான் என்றாள். கோபானில் இருந்துகொண்டு சாவிக்கு எப்படிப் பொறுப்பேற்பீர்கள் என்று ஓர் அதிகாரி சிரித்தார். திறக்கிற நாளில் எல்லாம் நானே வந்து போகிறேன் என்றாள். எத்தனை காலத்துக்கு என்று கேட்டார். திட்டம் முடிகிற வரைக்கும் என்றாள்.

இருபது வருடம்.

மழைக்காலம் முடிந்து வானம் வெளுத்த ஒரு மதியம், கோபான் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சாப்பாட்டுக் கடையில் அவள் உட்கார்ந்திருந்தபோது அபெலினோவின் போன் வந்தது. குரலிலேயே சதை பிடித்திருந்தது.

"அக்கா, வௌவால் எல்லாம் வருதுக்கா! நேத்து அந்திக்குப் புகை மாதிரி கெளம்புச்சு. ஊரே வந்து வேடிக்கை பாத்துச்சு. இலாரியா சொல்றா, எனக்குத் தொப்பை விழுந்துடுச்சாம். எப்ப வர்ற?"

"வர்றேன்டா." அவள் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம்தான். "கதவு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. கம்பியெல்லாம் பழையபடி மெலிஞ்சுடுச்சு. ஆனா..." அவன் கொஞ்சம் தயங்கினான். "இன்னைக்குக் காலையில பாத்தேன். மேல் கம்பி மட்டும் லேசா பருத்த மாதிரி இருக்கு. பனி ஈரமா இருக்குமோ?"

எர்மெலிந்தா தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் இருக்க வேண்டிய கைக்கடிகாரம் முழங்கை வரைக்கும் நழுவிக் கிடந்தது. எதிரே காலித் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன.

"பனி ஈரம்தான்டா," என்றாள். "வேற ஒண்ணும் இல்ல. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு."

போனை வைத்தாள். கழுத்தில் சாவி சுட்டது. வயிற்றின் அடியிலிருந்து அந்தச் சத்தம் உருண்டு எழுந்தது. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் ரொட்டி," என்று அவள் கையைத் தூக்கினாள்.