சக்கரத்தில் ஒரு சிவப்புக் கறை

ஞானசுந்தரம் தேநீரில் சீனி கலக்கி முடிக்கும்வரைகூடக் குணேஸ்வரிக்குப் பொறுமை இல்லை.

"அண்ணை, எங்கடை கப்பல் உடைஞ்சு போச்சு. உடைச்ச ஆளையும் எனக்குத் தெரியும். நீங்கள் வந்து பார்த்து, ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் போதும்."

ஞானசுந்தரம் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்காக விபத்துகளின் காரணத்தைக் கண்டறிகிறவர். ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்துத் தமிழருக்குள் எது உடைந்தாலும் எது தொலைந்தாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். அவர் எழும்புவதற்குள் அவருடைய மனைவி கஜந்தி சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

காரில் குணேஸ்வரி நடந்ததைச் சொன்னாள். அணிவகுப்பு வாத்தியக் குழுவின் காட்சிப் பொருட்கள் எல்லாம் அவள் பொறுப்பு. மறுநாள் ஹனோவரில் போட்டி. கடற்பயணத்தைப் பற்றிய நிகழ்ச்சிக்கு, வாத்தியக்காரர் நடுவே உருட்டிப் போக ஒரு கப்பல் வேண்டும். குழு ஒதுக்கிய காசு சொற்பம். யாரோ கழித்துவிட்ட கட்டில் சட்டங்களில் உடலும், பழைய படுக்கை விரிப்புகளில் பாயுமாக அவள் அதைக் கட்டியெழுப்பினாள். பிரேக் வைத்த சக்கரம் விலை கூட என்பதால் பின்பக்கத்துக்கு மட்டும் இரண்டு வாங்கினாள்.

"நேற்றுப் பின்னேரம்தான் முதன்முதலா வெளியிலை எடுத்தனாங்கள். பிள்ளையாரைக் கும்பிட்டு, நாலு சக்கரத்துக்குக் கீழையும் எலுமிச்சம்பழம் வைச்சு, எல்லாம் முறையாத்தான் செய்தனான். பிரேக் போடுறது கிறிஸ்தோப்பரின்ரை வேலை. நாங்கள் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் கப்பல் சரிவாலை ஓடிப்போய் மதிலோடை அடிபட்டுது."

"அவர் என்ன சொன்னவர்?"

"முதல் ஓடிப்போய்ப் பார்த்ததும் அவர்தான். பிரேக் போட மறந்துபோனன் எண்டு உடனை ஒத்துக்கொண்டார்."

"அவரே ஒத்துக்கொண்டால், நான் என்னத்துக்கு?"

குணேஸ்வரி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். நேற்றுத் தான் அவரைப் பார்த்துக் கத்தியதை அவள் இன்னும் இவர்களிடம் சொல்லவில்லை. 'மாதா கோயிலுக்குப் போறவருக்கு எங்கடை கும்பிடு பகிடியாத்தான் இருக்கும்' என்று அத்தனை பேர் முன்னிலையிலும் கத்தியிருந்தாள். பஸ் ஓட்டும் வேலை முடிந்து, களைப்போடு வந்து பெரிய மேளம் அடிக்கிற மனிதர் கிறிஸ்தோப்பர். அவர் அப்போதே நீலச் சீருடைக் கோட்டைக் கழற்றி, மடித்து, கதிரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த மடிப்பு இரவு முழுக்க அவளைத் தூங்கவிடவில்லை. பிழை அவருடையதுதான் என்று இன்னொருவர் வாயால் கேட்டால் இந்த உறுத்தல் போய்விடும் என்று நினைத்தாள்.

பயிற்சி மண்டபத்துக்கு வெளியே, சரிவின் அடியில், கப்பல் மதிலோரம் சரிந்து கிடந்தது. கஜந்தி ஓடிப்போய்ப் பின் சக்கரத்தடியில் குந்தினாள்.

"இஞ்சேருங்கோ, சிவப்புக் கறை! பெயின்ற் எண்டு நினைக்கிறன். மற்றக் குழுவின்ரை உடுப்புச் சிவப்புத்தானே? அவையள்தான் வந்து தள்ளியிருக்கினம்!"

"உடுப்பிலையிருந்து பெயின்ற் வழியுமோ, கஜந்தி?" என்ற ஞானசுந்தரம் குணேஸ்வரியிடம் திரும்பினார். "நீங்கள் சிவப்புப் பெயின்ற் வாங்கினனீங்களோ?"

"இல்லை அண்ணை. நீலமும் வெள்ளையும்தான். சிவப்பும் வாங்கினால் காசு காணாது எண்டு விட்டிட்டன்."

அவர் கறையை விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு இரண்டு பின் சக்கரங்களின் பிரேக் மிதிகளையும் நெடுநேரம் பார்த்தார்.

"கிறிஸ்தோப்பரை வரச்சொல்லு, கஜந்தி. குணேஸ், அவர் கழட்டின கோட் எங்கை?"

கோட் மண்டபத்துக் கதிரையில் அப்படியே இருந்தது. ஞானசுந்தரம் சொன்னபடி குணேஸ்வரி அதன் பைக்குள் கையை விட்டாள். ஈரமான ஒரு கைலேஞ்சித் துணி அகப்பட்டது. விரித்தாள். நசுங்கிய எலுமிச்சம்பழத் தோல்கள். அவற்றின் மேல் அவள் தன் கையாலேயே தடவிய குங்குமம்.

அவளுக்கு முகம் எரிந்தது.

"மிச்சத்தை உங்களுக்கு மட்டும் சொல்லட்டோ?" என்று ஞானசுந்தரம் தணிந்த குரலில் கேட்டார்.

மண்டபத்தின் மறுகோடியில் வாத்தியக்காரர் முறிந்த பாய்மரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்தோப்பரும் வந்து கதவோரம் நின்றார்.

"நேற்று எல்லாருக்கும் முன்னாலைதான் கத்தினனான், அண்ணை. இண்டைக்கும் எல்லாருக்கும் முன்னாலை சொல்லுங்கோ."

ஞானசுந்தரம் சுருக்கமாகவே சொன்னார். "பிரேக் மிதி இரண்டும் அமுக்கினபடி இருக்கு. ஒண்டுக்கு மேலை உடைஞ்ச பலகை விழுந்து கிடக்கு, ஆனபடியால் பிறகு ஆரும் வந்து அமுக்க ஏலாது. அப்ப, கிறிஸ்தோப்பர் பிரேக் போட்டிருக்கிறார். மறந்துபோனன் எண்டது பொய். செய்யாத பிழையை ஒருத்தர் தன்ரை தலையிலை போடுறார் எண்டால், வேறை ஆரையோ காப்பாத்துறார். சக்கரத்திலை இருந்தது பெயின்ற் இல்லை, குங்குமம். எலுமிச்சை மணமும் இருந்தது, தோலைத்தான் காணேல்லை; அதுதான் கோட்டைத் தேடச் சொன்னனான். கப்பலை உருட்டேக்கை எலுமிச்சம்பழம் நசுங்கி, தோல் சக்கரத்தோடை சுத்திப்போய்ப் பிரேக் கட்டைக்குள்ளை சிக்கியிருக்கு. அதாலை பிரேக் பிடிக்கேல்லை. முன் சக்கரத்துக்குப் பிரேக்கே இல்லை. பாயிலை காத்துப் பட்டவுடனை கப்பல் ஓடிட்டுது."

"விழுந்த இடத்துக்கு முதல் ஓடினது இவர்தான்," என்றாள் கஜந்தி மெதுவாக. இப்போது அவள் குரலில் துள்ளல் இல்லை. "தோலை எடுத்து ஒளிச்சிருக்கிறார்."

"ஏன் சொல்லேல்லை, கிறிஸ்தோப்பர்?" என்று கேட்டாள் குணேஸ்வரி.

அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். நேற்று அவள் கும்பிட்டபோதும் அவர் அப்படித்தான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அது இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"சனம் சிரிக்கும், அக்கா. சாமி கும்பிட்டதாலைதான் கப்பல் உடைஞ்சது எண்டு காலம் பூராப் பகிடி பண்ணுவினம். பிரேக்கை மறந்தவன் எண்டால் ரெண்டு நாளிலை விட்டிடுவினம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. குணேஸ்வரி கோட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். அவருடைய முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. கோட்டின் பித்தளைப் பொத்தான்களையே பார்த்தாள்.

"உங்கடை மாதா கோயிலை இழுத்து நான் சொன்னது பெரும் பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். "நாளைக்கு ஹனோவரிலையும் எலுமிச்சம்பழம் வைப்பியளோ, அக்கா?"

"எனக்கு இனி..."

"வையுங்கோ. நான் சக்கரத்தைத் துடைக்கிறன்."

குணேஸ்வரி தலையசைத்தாள். பிறகு அந்தக் கைலேஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்து, கப்பலடியில் முழந்தாளிட்டு, சிவப்புக் கறையைத் தானே துடைக்கத் தொடங்கினாள். மற்றப் பக்கத்துச் சக்கரத்தடியில் கிறிஸ்தோப்பரும் வந்து குந்தினார்.